நத்தார் என்பது யார்?

கொட்டாஞ்சேனை,
டிசம்பர் 14.

அன்புள்ள மகளுக்கு,

நேற்றுப் புனித லூசியாளின் திருநாள் ஆகையால் பேராலயத்துக்குப் போய், தெரிந்தவர்களோடெல்லாம் வாசலில் நின்று பேசிவிட்டு, மத்தியானம் வீடு வந்து சேர்ந்தபோது உன் கடிதம் மேசையில் காத்திருந்தது. இரண்டு தடவை வாசித்தேன். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு, ஆறு வயதில் ஒருத்தி, ஒன்றரை வயதில் ஒருவன், பாடசாலை விட்ட நாள் முதல் இருவரும் பகல் முழுதும் காலடியில், கந்தோரில் ஆண்டிறுதிக் கணக்கு, தையற்காரர் சட்டை தரவில்லை, கேக் அடிக்கவில்லை, திரைச்சீலை தோய்க்கவில்லை, மூன்று முறை கட்டிய குடிலை மூன்று முறையும் சின்னவன் தட்டி விழுத்திவிட்டான். "இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நத்தார் கொண்டாடுவது என்னால் ஆகாது, சேர்" என்று முடித்திருக்கிறாய். அதற்குக் கீழே, மூத்தவள் உன்னிடம் "நத்தார் என்பது யார் அம்மா, தாத்தாவின் பெயரா?" என்று கேட்டதையும், வேலை அவசரத்தில் நீ "ஓம்" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டதையும் இரண்டு வரியில் எழுதியிருக்கிறாய். உன் சிரமங்களுக்காக மனம் வருந்தினேன். ஆனால் இரவு என்னை உறங்கவிடாமல் செய்தது அந்த "ஓம்" என்ற ஒரு சொல்தான். என்னிடம் தமிழ் படித்த நீ, கேள்வி கேட்ட குழந்தைக்குப் பிழையான விடையைக் கொடுத்து அனுப்பலாமா?

குழந்தையின் மேல் குற்றமில்லை. நத்தார் தாத்தா என்று ஊர் முழுவதும் சொல்கிறோம். பிள்ளையார், அந்தோனியார் என்று வணக்கத்துக்குரியவர்களை எல்லாம் ஆர் விகுதி கொடுத்து அழைக்கிறோம். ஆகவே நத்தாரும் ஒருவர் என்று அவள் முடிவு செய்தது நியாயமான இலக்கண அறிவே. நத்துதல் என்றால் விரும்புதல், ஆகையால் நத்தார் தூய தமிழ்ச் சொல்லே என்று படித்தவர் ஒருவர் என்னோடு ஒரு மாலை முழுவதும் வாதாடியதுண்டு. அது பிழை. இது போர்த்துக்கேயச் சொல். 1505இல் இத்தீவில் கரையிறங்கி, 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையையும் ஒல்லாந்தரிடம் இழக்கும் வரையிலான ஒன்றரை நூற்றாண்டில் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்ற சொற்களைத் தேடி நீ நூலகம் போக வேண்டாம். வீட்டைச் சுற்றிப் பார்த்தால் போதும். குசினி அவர்கள் சொல். மேசையும் அலுமாரியும் யன்னலும் வாங்கும் கோப்பையும் அவர்கள் சொற்கள். காலையில் வாங்கும் பாணும், கேக்குக்கு நறுக்கும் பூசணித் தோசியில் உள்ள தோசியும் அவர்களுடையவையே. அவ்வாறே, பிறப்புக்குரியது என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்த 'நத்தால்' என்பதை அவர்கள் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பெயராக வழங்கினார்கள். அதை வாங்கிக்கொண்ட சிங்களம் லகரத்தைக் கைவிடாமல் இன்றும் 'நத்தல' என்கிறது. நாமோ பந்தலைப் பந்தர் என்றும், சாம்பலைச் சாம்பர் என்றும், குடலைக் குடர் என்றும் சொல்லிப் பழகிய வாயால் நத்தாலை நத்தார் ஆக்கிக்கொண்டோம். இறுதிப்போலியை நீ மறந்திருக்கமாட்டாய். ஆனால் போலி மட்டும் இதற்குக் காரணமன்று, ஒரு நாளைக்கூட மரியாதைக்குரிய ஓர் ஆளாகப் பாவித்து வாசலில் வரவேற்கும் தமிழ் மனமும் அந்த ரகரத்தை இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இது ஊகந்தான், எனினும் முப்பது வருஷமாக இதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அவளைக் கூப்பிட்டு, "நத்தார் என்றால் பிறப்பு, ஒரு பிள்ளை பிறந்த நாள்" என்று சொல். "தம்பி பிறந்த மாதிரியா?" என்று அவள் கேட்பாள். அப்போது சொல், ஓம் என்று.

பிறப்பு என்றே பெயர் பெற்ற ஒரு பண்டிகைக்குப் பிள்ளைகள் இடைஞ்சல் என்று எழுதியிருக்கிறாயே, மகள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ மட்டும் இப்படி நினைக்கவில்லை. இன்று வீட்டுக்கு வீடு இந்த அபிப்பிராயமே நிலவுகிறது. விழா என்பது பெரியவர்கள் பிரயாசைப்பட்டுச் செய்து முடிக்கவேண்டிய ஒரு காரியம் என்றும், பிள்ளைகளை ஒருவாறு அடக்கி ஒதுக்கிவைத்தால்தான் அது ஒழுங்காய் நடக்கும் என்றும் எண்ணிக்கொள்கிறார்கள்.

சின்னவன் குடிலைத் தட்டியதை எடுத்துக்கொள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை நீ மனப்பாடமாகச் சொன்னவள். ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடிய காலம் முதல், கடவுளையும் அரசனையும் அடியாரையும் தொட்டிலில் இட்டுப் பாடுவது நம் புலவர்களின் சம்பிரதாயம். அந்தப் பருவங்களை 3ஆம் மாதம் முதல் 21ஆம் மாதம் வரை ஒன்றுவிட்டொரு மாதமாக எண்ணிக்கொண்டு வந்தால், சிறுமியர் மணலில் கட்டிய சிறு வீட்டை ஆண்பிள்ளை காலால் எற்றிக் கலைக்கும் சிற்றிற் பருவம் ஒன்றரை வயதை ஒட்டி வருகிறது. உன் மகனின் வயது அதுவே. ஆயிரக்கணக்கான வருஷப் பழக்கமுள்ள ஒரு மொழி, தவழ்ந்து எழுந்து நடை பயின்ற குழந்தை அடுத்துச் செய்யப்போவது எதிரே கட்டப்பட்டிருக்கும் ஒன்றைக் கலைப்பதே என்பதைக் கண்டு, அதைக் குறும்பு என்று ஒதுக்காமல், ஒரு பருவம் என்று பெயரிட்டு, பத்துப் பாட்டும் கொடுத்து, காப்பியத்துக்குரிய கௌரவத்தோடு அதைப் பாடிவைத்திருக்கிறது. அந்தப் பாட்டுகளில் பேசுகிறவர்கள் யார் என்பதைக் கவனி. கலைக்கிற பிள்ளை அன்று. வீடு கட்டிய சிறுமியர். புலவன் அவர்கள் பக்கத்தில் நின்று, மணல் வீட்டைக் கலைக்கவேண்டாம் என்று குழந்தையைக் கும்பிட்டுக் கேட்கிறான். அதட்டுகிறவர் ஒருவரும் அங்கே இல்லை. கும்பிடுகிறவன் கட்டுவான், கும்பிடப்படுகிறவன் கலைப்பான், நாளைக்கு மறுபடியும் மணல் கொழித்துக் கட்டுவார்கள் என்னும் தெளிவு அந்தப் பருவம் முழுவதும் ஓடுகிறது. பக்தியைப் பற்றி இதைவிட ஆழமாகச் சொன்ன இடங்கள் உலக இலக்கியத்தில் அதிகமில்லை என்பது என் துணிபு. கல்லூரிகளில் இப்பகுதியை 'வகை, இலக்கணம், உதாரணம்' என்று மூன்று வரியில் ஒப்புவிக்கப் பழக்கிவிட்டு, வீட்டில் ஒரு குழந்தை அதையே கண்முன் செய்து காட்டும்போது கையில் அடிக்கிறோம்.

முதன்முதலில் குடில் வைத்தவராகச் சொல்லப்படும் அசிசி பிரான்சிஸ் முனிவர் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் செய்த குடிலும் கையால் தொடக்கூடியதே. வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, உயிருள்ள ஒரு கழுதை. ஊர்ச் சனங்கள் தீவட்டி பிடித்துச் சுற்றி நின்றார்கள். விழுந்து உடையும் சுரூபம் எதுவும் அங்கே முக்கியமாக இருக்கவில்லை. ஆகவே உன் மாமியார் தந்த சாந்துச் சுரூபங்களை அலுமாரிக்கு மேலே வைத்துவிடு. கீழே, சின்னவனின் கைக்கெட்டும் இடத்தில், சப்பாத்து வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, கடதாசி கிழித்துப் பரப்பி, துணியால் தைத்த ஓர் ஆட்டையும் மரத்தால் செய்த ஒரு மாட்டையும் விடு. அவன் கலைக்கட்டும். மூத்தவள் கட்டட்டும்.

இதை நான் அறிந்து சொல்லவில்லை, இழந்து சொல்கிறேன். என் மகளுக்கு ஐந்து வயதாயிருந்தபோது, நடுச்சாமப் பூசைக்குப் பிறகே பாலனைக் குடிலில் வைக்கவேண்டும் என்ற வழக்கத்தை நான் சட்டம்போலக் காத்துவந்தேன். திருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில், வாடை மழை விடாமல் பெய்த ஒரு மாலை, அவள் அலுமாரியிலிருந்து பாலன் சுரூபத்தை எடுத்து, என் கைலேஞ்சியில் சுற்றி, வைக்கோலில் கிடத்தியிருந்தாள். கோபத்தில் பறித்தேன், சுரூபத்தின் வலக்கை ஒடிந்தது. "அலுமாரிக்குள் இருட்டு, அப்பா" என்று மட்டும் சொன்னாள். இப்போது அவள் கடல் கடந்து இருக்கிறாள், பேரப்பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். கை ஒடிந்த அந்தப் பாலனை நான் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் முதற் கிழமையிலேயே எடுத்து வெளியே வைத்துவிடுகிறேன்.

இனி அவசரத்தைப் பற்றி. திருவருகைக் காலம் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. அது காத்திருக்கும் காலம். விழா 25ஆம் திகதி தொடங்கி, பழைய கணக்கில் மூவிராசாக்கள் திருநாளாகிய ஜனவரி 6 வரை செல்கிறது. நாமோ காத்திருக்கவேண்டிய நாட்களிலெல்லாம் காலி வீதிக் கடைகளின் ஒலிபெருக்கிச் சத்தத்தில் கொண்டாடித் தீர்த்துவிட்டு, கொண்டாடவேண்டிய நாள் வந்ததும் மத்தியானச் சாப்பாட்டோடு களைத்துப் படுத்துவிடுகிறோம். வாடைமழையும் உப்புக்காற்றும் அடிக்கும் கொழும்பில், ஒருபோதும் விழாத வெண்பனிக்காகப் பஞ்சு வாங்கிக் கிளைகளில் ஒட்டும் வேலையையாவது இந்த வருஷம் விட்டுவிடு. அதில் போகும் ஒரு மாலைப் பொழுதைப் பிள்ளைகளுக்குக் கொடு.

நடுச்சாமப் பூசைக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமே என்று கவலைப்பட்டிருக்கிறாய். கிறிஸ்து பிறப்புக்கு இரவில் ஒன்று, விடியலில் ஒன்று, பகலில் ஒன்று என்று மூன்று பூசைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. விடியற்பூசையை இடையர்களின் பூசை என்று சொல்வார்கள். அவர்கள் முதலில் மந்தையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். நீயும் அப்படியே போ. அன்பளிப்புகளும் பலகாரத் தட்டுகளும் அந்த ஒரே நாளில் போய்ச் சேரவேண்டுமென்பதும் கிடையாது. மத்தேயு சுவிசேஷத்தைத் திறந்து பார்: காணிக்கையோடு வந்த ஞானிகள் எத்தனை பேர் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் நுழைந்த இடம் ஒரு வீடு என்று சொல்கிறார். அதாவது, அவர்கள் வந்து சேர்வதற்குள் அந்தத் தாய் பிள்ளையோடு தொழுவத்தை விட்டு ஒரு வீட்டில் குடியேறியிருந்தாள். முதல் அன்பளிப்புகளே தாமதமாய்த்தான் வந்தன. உன் அடுத்த வீட்டுச் சைவக் குடும்பம் மார்கழியில் விடியுமுன் எழுந்து திருவெம்பாவைக்குப் போய்வருகிறவர்கள் என்று எழுதியிருந்தாயே, அவர்களுக்குத் தட்டை 30ஆம் திகதி கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன?

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தை நினைத்துப் பார். 1687இல் மாறுவேடத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகளார் இரவில் வீடு வீடாய்ப் போய்ப் பூசை செய்தார். 1689இல் நத்தார் இரவன்று யாழ்ப்பாணத்தில் சனங்கள் கூடியிருந்த வீடுகளுக்குள் படையினர் புகுந்தார்கள். கோயில் இல்லை, மணி இல்லை. அந்தப் பண்டிகையை நூற்றாண்டுக்கு மேலாகக் காத்து நம் கையில் தந்தவை திண்ணைகளும் குசினிகளுந்தான். அங்கேயும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள், அழுதிருப்பார்கள்.

கேக் விஷயத்தை உனக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ரவையும் கஜுவும் தோசியும் முந்திரிகை வற்றலும் சேர்ந்த நம் கேக் வைத்திருக்க வைத்திருக்க ருசி கூடுவது. ஆகையால் அடித்துவிட்டுச் சாவதானமாய்ச் சுற்றலாம். அந்தச் சுற்றும் வேலையை மூத்தவளிடம் விடு. துண்டை எண்ணெய்க் கடதாசியில் வைத்து மடித்து, அதற்குமேல் நிறக் கடதாசி சுற்றி, இரு முனைகளையும் கத்தரிக்கோலால் குஞ்சம்போல் நறுக்குவதற்கு ஆறு வயது விரல்கள் மிகவும் உகந்தவை. பாதி கோணலாய் வரும். கோணலானவற்றில் ஒன்றை எனக்கு எடுத்துவை.

உன் கணவர் இந்தக் கடிதத்தில் எங்கே என்று நீ கேட்பாய். உன் கடிதத்திலும் அவரை நான் காணவில்லை. வீரமாமுனிவர் 1726இல் பாடி முடித்த தேம்பாவணி 3,615 பாட்டுகளைக் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவன் அரசனல்லன், போர்வீரனல்லன். தச்சுவேலை செய்து மனைவியையும் பிள்ளையையும் காத்த சூசையப்பர். யோசேப் என்னும் எபிரேயப் பெயரில் பெருகுதல் என்னும் பொருள் இருப்பதைக் கண்டு, அவருக்கு வளன் என்று அழகிய தமிழ்ப் பெயர் சூட்டினார் முனிவர். பிள்ளை வளர்க்கும் தகப்பனைக் காப்பியத் தலைவனாக்கிய மொழியில் பிறந்த ஒருவர், இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி உடுப்புப் போட்டுவிடுவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. இந்தப் பகுதியை மாத்திரம் அவருக்கு உரத்து வாசித்துக் காட்டு.

ஜனவரி 6ஆம் திகதி பின்னேரம் பஸ்ஸில் வருவேன். என் குடிலிலிருந்து மூன்று ராசாக்களையும் ஒட்டகத்தையும் கொண்டுவருகிறேன். ஒட்டகத்தின் முன்கால் ஒன்று ஆடுகிறது, ஆனாலும் சின்னவன் கையில் கொடுக்கலாம். அதற்கிடையில், மூத்தவளைக் கூப்பிட்டு நத்தார் என்றால் என்னவென்று சொல்லி, அதற்கு அவள் அடுத்து என்ன கேட்டாள் என்பதை ஒரு தபாலட்டையிலாவது எழுது.

அன்புடன்,
உன் பழைய தமிழாசிரியர்