ரெண்டு நாள் சென்னைக்கு கார்டு எதுக்கு?

கேள்வி: ஏனுங்க, அம்மாவும் நானும் சேரன் எக்ஸ்பிரஸ்ல சென்னை போயி ரெண்டு நாள் சுத்தலாம்னு இருக்கறோம். மெட்ரோவுக்குனு சிங்காரச் சென்னை கார்டு வாங்கிக்கறதுங்களா? – வாசகி, பொள்ளாச்சி

பதில்: வேண்டியதில்லைங்க. சென்ட்ரலில் இறங்கினால் அடியிலேயே மெட்ரோ. கார்டு என்றால் ஆளுக்கொன்று வேண்டும். நுழையும்போது தட்டிய அதே கார்டைத்தான் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். ஃபோனில் க்யூஆர் டிக்கெட் என்றால் இருவருக்கும் சேர்த்தே எடுக்கலாம். 20 சதவீதத் தள்ளுபடி இரண்டுக்குமே உண்டு. பஸ்ஸுக்கும் கவலை வேண்டாம்: நம்ம கோவை டவுன் பஸ் மாதிரியே அங்கும் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி பஸ் ஏறினால்தான் காசு.

அடிக்கடி போகிறவர் என்றால் கார்டு வாங்குங்கள். 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்திலும் அது செல்லும். பெங்களூரு மெட்ரோவிலும் செல்லும்.