உப்புக் காற்று வீசும் இடங்களில் நீரிறைக்கும் மோட்டரும் தொழிலாளர் பாதுகாப்பும்

மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் கமஞ்செய்வோர் உப்பின் குணத்தை நன்கு அறிவர். கிணற்று நீர் உவர்த்தால் மிளகாய்க் கன்று வாடும் என்பதும், வயலில் உவர்நீர் தேங்கினால் நெல் விளையாது என்பதும் அவர்களுக்குப் புதிய செய்திகள் அல்ல. ஆனால் அதே உப்பு, நீரிறைக்கும் மின் மோட்டரையும் அதன் கம்பிகளையும் நாள்தோறும் அரித்து வருகின்றது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பயிருக்கு நேரும் கேடு கண்ணுக்குத் தெரியும். மின் கம்பிக்கு நேரும் கேடோ பெரும்பாலும் ஒருவர் கை வைக்கும் வேளையிலேதான் வெளிப்படும். அவ்வாறு கை வைப்பவர் உங்கள் மகனாக இருக்கலாம். அன்றாடக் கூலிக்கு வந்த தொழிலாளியாகவும் இருக்கலாம். ஆதலால் இத்தகைய ஆபத்து எவ்வாறு உண்டாகின்றது, அதனைத் தடுப்பது எப்படி என்பவற்றை ஒவ்வொரு கமக்காரரும் அறிந்திருத்தல் அவசியம்.

உப்பு செய்யும் கேடு

மன்னார் நகரைச் சேர்ந்த உப்புக்குளம் பகுதியில் எப்பக்கம் நின்றாலும் கடல் தொலைவில் இல்லை. சோளகக் காற்று ஏறத்தாழ மே மாதம் முதல் செப்டம்பர் வரை வலுவாக வீசும். இத்தீவின் காற்று எத்துணை வலிமை உடையது என்பதற்கு, 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்ட தம்பபவனி மின் நிலையத்தின் 30 காற்றாலைகளே சான்று. இக்காற்று கடலிலிருந்து நுண்ணிய உப்புத் துகள்களைச் சுமந்து வருகின்றது. அவை சுவிச்சுப் பெட்டியிலும், மோட்டரின் இணைப்புத் திருகாணிகளிலும், கம்பிகளின் மூட்டுக்களிலும் படிகின்றன.

உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்பு உண்டு. இரவில் பனி விழும்போது, படிந்த உப்பு கசிந்து மெல்லிய உவர்நீர்ப் படலமாக மாறும். உவர்நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆகவே, மின்சாரம் இருக்கக் கூடாத இடத்தில், அதாவது மோட்டரின் இரும்பு உடலிலும் இரும்புக் குழாயிலும் அது பரவ நேரிடும். செப்புக் கம்பி பச்சை பூத்தல், திருகாணி துருவேறுதல், வெயிலில் கிடந்த கம்பியின் உறை வெடித்தல் ஆகியன இக்கேட்டின் முதல் அறிகுறிகள். விடியற்காலையில் ஈரக்கையுடன் மோட்டரை முதலில் தொடுபவருக்கே ஆபத்து மிகுதி என்பதை நினைவில் வையுங்கள்.

எவ்வளவு மின்சாரம் உயிரைப் போக்கும்?

நமது வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தம் உடையது. 60 வாட் குமிழ் விளக்கு ஒன்று எரிவதற்கு ஏறத்தாழ 260 மில்லி அம்பியர் மின்னோட்டம் வேண்டும். மனித உடலுக்கோ இதில் மிகச் சிறிய பங்கே போதும். 1 மில்லி அம்பியர் உடலில் ஓடினால் சுரீரென்று உணரலாம். 10 முதல் 20 மில்லி அம்பியர் ஓடினால் கையின் தசைகள் இறுகிவிடும். பிடித்த கம்பியை விட நினைத்தாலும் விட முடியாது. 30 மில்லி அம்பியருக்கு மேல் ஓடி, அது சில கணங்கள் நீடித்தால், மூச்சுத் தடைப்படலாம். இதயத் துடிப்பும் குலையலாம்.

உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். வியர்வையிலும் உவர்நீரிலும் நனைந்த தோலுக்கு அத்தடுப்பு ஆற்றல் இல்லை. வெறுங்காலுடன் ஈர வாய்க்காலில் நின்று வேலை செய்யும் தொழிலாளியின் உடல் ஏறத்தாழ 1000 ஓம் தடையே கொடுக்கும் எனக் கொண்டால், அவருடைய உடலில் 230 மில்லி அம்பியர் ஓடும். இது உயிரைப் போக்கத்தக்க அளவாகும்.

பியூஸ் மனிதரைக் காப்பாற்றாது

“பியூஸ் இருக்கின்றது, ஆகையால் பயமில்லை” என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். 15 அம்பியர் பியூஸ் உருகுவதற்கு 15,000 மில்லி அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் வேண்டும். மனிதரைக் கொல்ல 30 மில்லி அம்பியருக்குச் சற்று மிகுந்தாலே போதும். பியூஸ், கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பதற்கென அமைந்தது. மனித உயிரைக் காப்பது அதன் வேலையன்று.

அவ்வாறாயின் நிலத்தொடுப்புக் கம்பி, அதாவது எர்த் கம்பி, போதாதா? இங்கேதான் நம் மணற்பாங்கான நிலத்தின் குறை தெரிகின்றது. ஈரமண் மின்சாரத்தை எளிதில் ஏற்கும். காய்ந்த மணல் ஏற்காது. மாரியில் நன்கு பயன்படும் எர்த் தண்டு கோடையில் பயனற்றுப் போகலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். காய்ந்த மணலில் நாட்டிய தண்டின் தடை 100 ஓம் என வைத்துக்கொள்வோம். மோட்டரின் உடலில் மின்சாரம் பரவினால், தண்டின் வழியே ஓடுவது 230ஐ 100ஆல் பிரித்த அளவு, அதாவது 2.3 அம்பியர் மட்டுமே. இதனால் 15 அம்பியர் பியூஸ் உருகாது. மோட்டரும் வழக்கம்போல் நீரிறைத்துக்கொண்டே இருக்கும். அதன் இரும்பு உடலோ ஏறக்குறைய 230 வோல்ட் மின்சாரத்துடன் அடுத்து வந்து தொடுபவரை எதிர்நோக்கி நிற்கும்.

ட்ரிப் சுவிச்சின் அவசியம்

இந்த நிலையில் உயிரைக் காக்க வல்லது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சு ஆகும். ஒரு கம்பியால் போகும் மின்னோட்டமும் மறு கம்பியால் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்பதை அது இடையறாது ஒப்பிட்டுப் பார்க்கின்றது. மின்சாரம் மனித உடல் வழியாகவோ ஈரமண் வழியாகவோ கசிந்தால் அச்சமநிலை குலையும். உடனே, ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள், சுவிச்சு விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். மேலே கூறிய உதாரணத்தில் பியூசை உருக்காத அந்த 2.3 அம்பியர், இதனை உடனே விழச் செய்துவிடும்.

ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. இரண்டு கம்பிகளையும் ஒருங்கே பிடித்தவரை இது காப்பாற்றாது. உப்புப் படிந்து இதன் உட்பொறி இறுகிப்போகவும் கூடும். ஆதலால் மாதம் ஒருமுறை அதிலுள்ள ‘டி’ எழுத்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிச்சு விழாவிடின் மோட்டரை இயக்காது மின்னியலாளரை அழையுங்கள்.

ட்ரிப் சுவிச்சு அடிக்கடி விழுகின்றதென்று சிலர் அதனை விலக்கிவிட்டு நேரடியாகக் கம்பியை இணைத்துவிடுகின்றனர். இதைவிடக் கொடிய செயல் வேறில்லை. அது விழுவது, எங்கோ மின்சாரம் கசிகின்றது என்னும் எச்சரிக்கையாகும். ஒரு நாள் நீர் பாய்ச்சாவிட்டால் கத்தரிச் செடி வாடும். மறுநாள் நீர் கண்டதும் நிமிரும். போன உயிர் அவ்வாறு திரும்பாது.

மோட்டரில் கை வைக்குமுன்

1. முதலில் மோட்டரை நிறுத்துங்கள். பின்னர் மெயின் சுவிச்சையும் நிறுத்துங்கள்.

2. பியூசைக் கழற்றியோ பிளக்கை உருவியோ வேலை செய்பவரே தம்மிடம் வைத்திருக்க வேண்டும். அப்போது வேறொருவர் அறியாமல் மின்சாரத்தைத் திறக்க முடியாது.

3. மோட்டரை மீண்டும் இயக்க முயன்று, அது இயங்கவில்லை என்பதை உறுதி செய்யுங்கள். அதன் பின்னரே தொடுங்கள்.

4. கிணற்றினுள் ஆள் இறங்கும் வேளையில் மோட்டர் ஓடவே கூடாது. நீரினுள் இருக்கும் மோட்டரை மின் கம்பியைப் பிடித்து இழுக்காது, அதற்கெனக் கட்டிய கயிற்றால் தூக்குங்கள்.

5. ஒட்டுப் போட்ட கம்பியை நிலத்திலோ வாய்க்காலிலோ கிடத்தாதீர்கள். மண்வெட்டி பட்டு உறை கிழியும். முட்கம்பி வேலியில் மின் கம்பியைத் தொங்கவிட்டால், வேலி முழுவதும் மின்சாரம் பரவக்கூடும்.

6. கம்பி இணைத்தல், மோட்டரைத் திறத்தல் முதலிய வேலைகளைத் தகுதி பெற்ற மின்னியலாளரிடமே விடுங்கள். கூலியாளைக் கொண்டு செய்வித்தல் கூடாது. அவர் மறுக்கத் தயங்குவார் என்பதால் பொறுப்பு உங்களுடையதே.

தலைக்கு மேலுள்ள கம்பி

கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள வயல்களில் பெரும்போக அறுவடையின்போது, உயரமான அறுவடை இயந்திரங்களும் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்களும் மின் கம்பிகளின் கீழ்ச் செல்கின்றன. உயரழுத்தக் கம்பியைத் தொடாமல், மிக அருகில் சென்றாலும் ஆபத்து உண்டு.

இதற்கு, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒரு துயரம் பாடமாக உள்ளது. 2022 ஏப்ரல் 27ஆம் நாள் அதிகாலையில், தஞ்சாவூருக்கு அருகிலுள்ள களிமேடு கிராமத்தில், திருவிழாத் தேரின் மேற்பகுதி உயரழுத்த மின் கம்பியில் பட்டு, சிறுவர் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். வீதி புதிதாக அமைக்கப்பட்டபோது உயர்ந்துவிட்டது என்றும் அப்போது செய்திகள் கூறின. கம்பி இருந்த இடத்திலேயே இருக்க, நிலம் உயர்ந்தாலும், சுமை உயர்ந்தாலும் இடைவெளி குறையும். சென்ற போகத்தில் தடையின்றிச் சென்ற பாதை இவ்வாண்டும் அப்படியே இருக்கும் என எண்ணற்க. இயந்திரம் வயலுக்குள் வருமுன் கம்பி செல்லும் வழியை ஓட்டுநருக்குக் காட்டுங்கள். சுமையின் மேல் ஆளை ஏற்றாதீர்கள். நீளமான அலுமினியக் குழாய்களைக் கம்பியின் கீழ் நிமிர்த்தித் தூக்காது, படுக்கையாகவே எடுத்துச் செல்லுங்கள்.

வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுதல்

பன்றிக்கு அஞ்சி, வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக் கம்பியில் பாய்ச்சுவோரும் உளர். இது சட்டப்படி குற்றம். முறையான மின்வேலிக் கருவி, ஏறத்தாழ வினாடிக்கு ஒருமுறை, கணப்பொழுது மட்டுமே அதிர்ச்சி தரும். விலங்கு விலகி ஓடிவிடும். வீட்டு மின்சாரமோ இடையறாது ஓடிப் பிடித்துக்கொள்ளும். 2023 மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டுத் தருமபுரி மாவட்டத்தில் மாரண்டஅள்ளிக்கு அருகே, பயிரைக் காக்க இவ்வாறு அமைத்த வேலியில் 3 யானைகள் மாண்டன. விவசாயியும் கைது செய்யப்பட்டார். யானையை வீழ்த்தும் கம்பி, இருட்டில் தண்ணீர் மாற்ற வரும் மனிதரை விட்டுவைக்குமா? அயலவரும் அவர்தம் பிள்ளைகளும் நடமாடும் நிலத்தில் இதனைச் செய்யாதீர்கள்.

ஒருவரை மின்சாரம் தாக்கினால்

அவரை வெறுங்கையால் தொடாதீர்கள். தொட்டால் நீங்களும் அகப்படுவீர்கள். முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். அது தொலைவிலிருந்தால், உலர்ந்த பலகையின் மேல் நின்று, உலர்ந்த தடியால் கம்பியைத் தள்ளுங்கள். பச்சைப் பனைமட்டையும் ஈரக் கம்பும் உதவா. அவற்றின் சாறு மின்சாரத்தைக் கடத்தும். உயரழுத்தக் கம்பி அறுந்து கிடந்தால் உலர்ந்த தடியும் காப்பாற்றாது. 10 மீற்றருக்கு அப்பால் விலகி நின்று பிறரையும் தடுத்து, மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

மின்சாரம் நின்றபின் மூச்சு இல்லையெனில், 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்சை வரவழையுங்கள். அது வரும்வரை, அவரை மல்லாத்திக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை அழுத்துங்கள். பழகியவராயின் 30 அழுத்தத்துக்கு ஒருமுறை, வாயோடு வாய் வைத்து இருமுறை மூச்சு ஊதலாம். எழுந்து நடமாடுபவரையும் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். இதயத் துடிப்புப் பின்னரும் குலையக்கூடும்.

மாதம் ஒரு நாள்

ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளையும் இதற்கென ஒதுக்குங்கள். ட்ரிப் பொத்தானை அழுத்துங்கள். பின்பு மின்சாரத்தை முற்றாகத் துண்டித்து, பெட்டிகளின் வெளிப்புறத்தில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் துடையுங்கள். கம்பியின் உறையையும் எர்த் தண்டின் பிடியையும் பாருங்கள். சோளகம் தொடங்குமுன் ஆண்டுக்கு ஒருமுறை, மின்னியலாளரைக் கொண்டு எர்த் தடையை அளப்பியுங்கள். தடை மிகுந்திருந்தால், கோடையிலும் ஈரம் வற்றாத மண் படை வரை தண்டை ஆழமாக இறக்கச் செய்யுங்கள். மோட்டரையும் சுவிச்சுப் பெட்டியையும் மழையும் காற்றும் படாத சிறு கொட்டிலில் வைப்பதும் நன்று.

இவற்றுக்கெல்லாம் மாதத்தில் அரை மணி நேரமும் செல்லாது. கமத்தில் உழைப்பவர் மாலையில் நலமே வீடு திரும்ப இவ்வரை மணி நேரம் உதவும். உங்கள் தோட்டத்து ட்ரிப் பொத்தானை நாளைக் காலையிலேயே அழுத்திப் பாருங்கள்.