கடலைக் காட்டுக்கு ஒரு காவல் நாய்

காளையார்கோவில் பக்கத்துக் கண்மாய்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பகலெல்லாம் அதற்குள் படுத்திருக்கும் பன்றிகள் இருட்டியதும் வயலுக்கு வரும். காய் பிடித்த கடலையில் ஒரு கூட்டம் இறங்கினால், விடியும்போது செடியெல்லாம் வேரோடு மல்லாந்து கிடக்கும்.

நான் நாய்க்குட்டி பழக்குவது வேட்டைக்கல்ல, காவலுக்கு. காட்டுப்பன்றியை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்த தளர்வும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளுக்குத்தான். சுடுவதும் வனத்துறையின் வேலை, நம் வேலையல்ல. பாய்ந்து பிடிக்கிற நாயைத்தான் ஊரில் வீரன் என்பார்கள். ஆண் பன்றியின் கோரைப்பல் அந்த வீரனின் வயிற்றைக் கிழித்துவிடும். வரப்பில் நின்று விடாமல் குரைத்துப் பன்றியைத் திருப்பி அனுப்புகிற நாயே எனக்கு நல்ல நாய்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் ஓட்டக்கார நாய்கள். இரவுக் காவலுக்கு மூக்கும் குரலும் வேண்டும். அதற்குத் தேனிப் பக்கத்துக் கோம்பை நல்லது. வீட்டு வாசலில் பிறந்த நாட்டுக்குட்டியும் போதும்.

முதல் பாடம், கூப்பிட்டால் திரும்பி வருவது. இரண்டு மூன்று மாதக் குட்டியிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் வேகவைத்த முட்டையில் ஒரு துண்டு கொடுங்கள். பிறகு நீளக் கயிற்றில் கட்டி, கோழி, பூனை என்று அதன் கவனம் சிதறும் இடத்தில் கூப்பிடுங்கள். எவ்வளவு தாமதமாக வந்தாலும் வந்த நாயை அடிக்காதீர்கள். அடி வாங்கிய குட்டி அடுத்த முறை எட்டவே நிற்கும். குட்டி போட்ட தாய்ப்பன்றி எதிரே நிற்கும் இரவில் நாயின் உயிரைக் காப்பது இந்த ஒரு பழக்கம்தான்.

அடுத்து ஆடு. ஆட்டைத் துரத்திப் பழகிய நாயை ஊரில் வைத்திருக்க முடியாது. கயிற்றில் பிடித்தபடி கிடைக்கு நடுவே தினம் நடத்துங்கள், ஆடு அதற்குச் சலித்துப்போகும் வரை.

பன்றி வாசனையைக் காலையில் காட்டலாம். கிளறிப்போட்ட மண்ணை மோந்து குட்டி உறுமினால் தட்டிக்கொடுங்கள். கூடவே மூத்த நாய் ஒன்று இருந்தால் பாதி வேலையை அதுவே முடித்துவிடும். ஆனால் அது துரத்துகிற நாயாக இருக்கக் கூடாது, குட்டியும் துரத்தத்தான் கற்கும். ஒரு வயது ஆகும்முன் இரவுக் காவலுக்கு விடாதீர்கள்.

வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, வருடம் தவறாமல் தொடருங்கள். பன்றியின் பல் பட்ட காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். மஞ்சளைப் பூசிவிட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.