கிளையணுக்களும் அவற்றை ஆளும் புரதங்களும்

நம் உடலிற் புகும் கிருமிகளோடு பொரும் வீரர்களுள் டி உயிரணுக்கள் தலைசிறந்தவை என்பது மாணவர் அறிந்ததே. ஆயின், பகைவன் இன்னான் என அவற்றிற்குக் காட்டிக்கொடுப்பது யாது?

1973-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில், ரால்ப் ஸ்டைன்மன், சான்வில் கோன் என்னும் அறிஞர் இருவர், எலியின் மண்ணீரலில் மரக்கிளை போன்ற நீட்சிகளையுடைய ஓர் உயிரணுவைக் கண்டு, அதற்கு டெண்ட்ரிடிக் செல் எனப் பெயரிட்டனர். நாம் அதனைக் கிளையணு என்போம். அது கிருமியை விழுங்கித் துண்டுகளாக்கி, அத்துண்டுகளைத் தன் மேற்புறத்தில் ஏந்தி, நிணநீர்க்கணுவை அடைந்து, டி உயிரணுக்களுக்குக் காட்டுகின்றது. இவ்வாராய்ச்சிக்காக ஸ்டைன்மனுக்கு 2011-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதற்கு மூன்று நாள் முன்னரே அவர் உயிர்நீத்தார்.

கிளையணுக்கள் பல வகையின. ஒருடலில் அவை யாவும் பெற்ற மரபணு ஏடு ஒன்றே. அவ்வாறாயின் வேற்றுமை எங்ஙனம் தோன்றிற்று? அவ்வேட்டின் எப்பகுதி படிக்கப்படுகிறது என்பதனாலேயாம். டி.என்.ஏ.யின் குறித்த இடங்களைப் பற்றிநின்று, இம்மரபணுவைப் படியெடுக்க, அதனை விடுக்க என ஏவும் புரதங்கள் உள. இவை படியெடுப்புக் காரணிகள் எனப்படும். ஐ.ஆர்.எஃப்.8, பேட்ஃப்3 என்பன முதல்வகைக் கிளையணுவைத் தோற்றுவிக்கின்றன. இது நோயுற்ற அணுக்களைக் கொல்லும் டி உயிரணுக்களை எழுப்புவதில் வல்லது. ஐ.ஆர்.எஃப்.4 இரண்டாம் வகைக்கு இன்றியமையாதது. இவ்வகை உதவி டி உயிரணுக்களைப் பயிற்றுகின்றது. ஈ2-2 என்பதன் ஆட்சியில் தோன்றும் மற்றொரு வகை, வைரஸைக் கண்டதும் இன்டர்பெரானை மிகுதியாகச் சுரக்கின்றது.

இக்கூற்றிற்குச் சான்று வேண்டுமன்றோ? 2008-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், கென்னத் மர்பியின் குழுவினர் பேட்ஃப்3 மரபணு நீக்கிய எலிகளை ஆராய்ந்தனர். அவற்றின் மண்ணீரலில் முதல்வகைக் கிளையணுக்கள் இல்லை. இயல்பான எலிகள் தாமே ஒழித்துவிடும் புற்றுக்கட்டிகள் இவற்றில் வளர்ந்தன. டி உயிரணுக்கள் இருந்தும், காட்டுவாரின்மையால் பயன்படவில்லை.

மனிதரிடத்தும் இவ்வுண்மை புலனாயிற்று. ஐ.ஆர்.எஃப்.8 மரபணு பழுதுற்ற சிலருக்குக் கிளையணுக்கள் குன்றியமையும், காசநோய்த் தடுப்பூசியாகிய பி.சி.ஜி.யின் வலிகுன்றிய கிருமியே அவர்களை நோயுறச் செய்தமையும் 2011-இல் வெளியாயின. பிறரைக் காக்க இடும் ஊசி அவர்க்கே பகையாயிற்று.

படை பெரிதாயினும், அதற்குப் பகைவனைக் காட்டுவார் வேண்டும். அங்ஙனம் காட்டுவாரை ஆக்குவன இச்சிறு புரதங்களே. புற்றுநோய்க்குத் தடுப்பூசி காண முயல்வோர், எவ்வகைக் கிளையணுவை எழுப்புவது என முதற்கண் ஆராய்வதன் காரணமும் இதுவே.