பட்டுப்புழுவுக்கும் பகல் வேணும், ராத்திரி வேணும்!

தங்கச்சி, இலை, சூடு, ஈரப்பதம் பத்தி உனக்கு எல்லாரும் சொல்லித் தருவாங்க. அக்கா வெளிச்சத்தைப் பத்திச் சொல்றேன். புழுவோட பசி, செரிமானம், தோலுரிப்பு எல்லாமே பகலும் இரவும் மாறி வர்றதை ஒட்டித்தான் நடக்குது. அதைக் குழப்பிட்டா புழுக்கள் ஆளுக்கொரு நேரத்துல தின்னும்.

பொரிப்பு: முட்டையில கருப்புப் புள்ளி தெரிஞ்சதும் கருப்புத் தாள்ல சுத்தி இருட்டுல வை. பொரிக்கிற நாள் காலையில திறந்து வெளிச்சம் காட்டு. பெரும்பாலானவை ஒண்ணா வெளியே வரும்.

எவ்வளவு நேரம்: இளம்புழுவுக்கு 8 மணி நேரம் வெளிச்சம், 16 மணி நேரம் இருட்டு. வளர்ந்த புழுவுக்கு 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு. விடிய விடிய விளக்கு எரிஞ்சா அதிகமா தின்னும்னு நினைக்காதே. வளர்ச்சி தாமதமாகும், புழு எடையும் கூட்டு எடையும் குறையும்.

எவ்வளவு வெளிச்சம்: 15 முதல் 30 லக்ஸ், அதாவது மங்கலா இருந்தா போதும். கண்கூசுற வெளிச்சம் புழுவுக்கு ஆகாது. ஜன்னல் வழியா வெயில் விழுந்தா புழு மறுபக்கம் போய்க் குமியும். அங்கே இலை பத்தாது, இங்கே இலை வாடும். ஜன்னலுக்கு நிழல்வலை கட்டு.

தீனி: மொத்தத் தீனியில 80 சதவீதத்துக்கு மேல கடைசியான 5-ஆம் பருவத்துலதான் போகும். தினமும் ஒரே நேரத்துல போடு. ராத்திரி இடைவெளி நீளம், அதனால ராத்திரித் தீனியைக் கூட்டிப் போடு. இலையை வெயிலுக்கு முன்னாடி பறிச்சு ஈரச் சாக்கு போட்டு மூடி வை. வாடின இலையைப் புழு சரியா தின்னாது.

தோலுரிப்பு: புழு தலையைத் தூக்கிட்டு அசையாம நின்னா தீனியை நிறுத்து, சுண்ணாம்புத்தூள் தூவு. கிட்டத்தட்ட எல்லாமே தோலுரிச்சு எழுந்தப்புறம்தான் மறுபடி இலை. முந்தி எழுந்ததுக்கு முந்திப் போட்டா வளர்ச்சியில வித்தியாசம் கடைசி வரைக்கும் நீளும்.

கூடு கட்டும்போது: பழுத்த புழு இலையை விட்டுட்டு, குடலைக் காலி பண்ணிட்டுத்தான் நூல் விடும். அப்போ சந்திரிகை (புழுவைக் கூடு கட்ட விடுற தட்டு) முழுக்க ஒரே சீரா மங்கல் வெளிச்சம் இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் பட்டா இருட்டுப் பக்கம் நெருக்கிக்கிட்டு, ரெண்டு புழு சேர்ந்து இரட்டைக் கூடு கட்டும். அங்காடியில அதுக்கு விலை கிடைக்காது.

விளக்கு போடுற நேரம், அணைக்கிற நேரம், தீனி நேரம் மூணையும் ஒரே தாள்ல எழுதி புழு வளர்ப்பு மனைக் கதவுல ஒட்டு. பொறுப்பை ஒருத்தர்கிட்ட மட்டும் கொடு. ரெண்டு பேர் பார்த்தா ஆளுக்கொரு நேரம் ஆகிடும்.