கட்டமும் பரப்பும்

மழை குறைந்த கரிசல் நிலத்து ஊர் சிவகாசி. அவ்வறட்சியே தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் துணையாயிற்று. மருந்து உலர வெயில் வேண்டுமன்றோ? இவ்வூர் ஏறத்தாழ 9½ பாகை வட அட்சரேகையில் உள்ளது. இங்கே இரு தீர்க்கரேகைகளுக்கு இடையே ஒரு பாகைக்குச் சுமார் 110 கிலோமீட்டர் தொலைவு உண்டு. 60 பாகையை ஒட்டிய ஹெல்சிங்கி நகரிலோ அது ஏறத்தாழ 56 கிலோமீட்டரே.

உலகப்படத்தைப் பாகைக் கட்டங்களாகப் பிரித்து, அவற்றின் வெப்பநிலைகளை வெறுமனே கூட்டி வகுத்தால், ஹெல்சிங்கிக் கட்டம் தன்னைப்போல் இருமடங்கு பரப்புள்ள சிவகாசிக் கட்டத்துக்குச் சமமாகிவிடும். துருவத்தருகே இவ்வநீதி இன்னும் பெரிது. குளிர்ந்த கட்டங்கள் மிகுவதால் பூமி உள்ளதினும் குளிர்ந்ததாகத் தோன்றும். வடதுருவப் பகுதி பிற பகுதிகளைவிட விரைந்து வெப்பமடைந்து வருவதால், உலக வெப்ப உயர்வோ மிகைப்பட்டுத் தோன்றும். ஒரே கணக்கு இருபுறமும் பொய்யுரைக்கிறது!

ஆதலின் அறிஞர் ஒவ்வொரு கட்டத்தையும் அதன் அட்சரேகையின் கோசைனால் பெருக்கியே சராசரி காண்பர். அம்மதிப்பு சிவகாசிக்கு 0.99, ஹெல்சிங்கிக்கு 0.5.