கல்லூரியில் சேர்வதும் நிலைப்பதும்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளிவந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி, "எந்தக் கல்லூரி?" என்பதே. விண்ணப்பம் போடுவதும், கலந்தாய்வுக்கு அலைவதும், கட்டணத்திற்காக வளையலை அடகு வைப்பதும் ஆகிய எல்லாம் சேர்க்கை நாளை நோக்கியே நடைபெறுகின்றன. சேர்ந்துவிட்டால் பெண் படித்து முடித்துவிடுவாள் என்று வீட்டார் நிம்மதி அடைகின்றனர். சேருவோர் எல்லோரும் பட்டம் பெறுகின்றனரா என்பதைப் பற்றி நாங்கள் படித்தறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

சேர்க்கையைப் பொறுத்தவரை நம் மாநிலம் பெருமைப்படலாம். 18 முதல் 23 வயது வரையுள்ளோரின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டு உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தைக் கணக்கிடுவர். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி இது தமிழ்நாட்டில் 47. இந்தியா முழுமைக்கும் 28.4. அதே ஆண்டு இந்திய அளவில் பட்டியல் சாதியினருக்கு 25.9, பழங்குடியினருக்கு 21.2. இந்த எண்கள், கல்லூரிப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களைக் கூறுகின்றனவே அன்றி, இரண்டாம் ஆண்டில் யார் வராமல் நின்றார்கள் என்பதைக் கூறுவதில்லை.

உதவித் தொகை எப்போது கைக்கு வர வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989ஆம் ஆண்டு ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால்தான் உதவி கிடைக்கும் என்பதால், பெண்களின் படிப்பை இடையில் நிறுத்தமாட்டார்கள் என்று எண்ணினர். பின்னாளில் பட்டம் பெற்ற மணப்பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் வழங்கப்பட்டன. நல்ல எண்ணம்தான். ஆனால் பணம் கல்யாணத்தின்போது வந்தது; செலவோ முதல் செமஸ்டரிலேயே வந்துவிட்டது.

2022ஆம் ஆண்டு இத்திட்டம் மாற்றி அமைக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்ற மாணவி பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. ஆகியவற்றில் ஒன்றில் சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதந்தோறும் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கில் செலுத்தும் 'புதுமைப் பெண்' திட்டமாக அது செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. 2024-25 கல்வியாண்டில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்ற மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. இதில் எங்களுக்கு ஒரு குறை உண்டு. ஒரே பள்ளியில், ஒரே மணிக்கு வகுப்புக்குப் போகும் அக்காளும் தங்கையும் இருக்கிறார்கள். அக்காள் தமிழ் வழி. தங்கை ஆங்கில வழி. வீட்டு வறுமைக்கு வழி வேறுபாடு தெரியுமா?

ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்கலாம். பெரிய காரணத்தால் படிப்பை விடுவோரைவிட, சிறு செலவுகளால் விடுவோரே எங்களுக்குத் தெரிந்த குடும்பங்களில் அதிகம். ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம், மதிய உணவு என்று வந்துகொண்டே இருக்கும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், கிராமத்திலிருந்து வேற்றூர்க் கல்லூரிக்குப் போகும் பேருந்தெல்லாம் நகரப் பேருந்து ஆகிவிடாது. தேர்வுக் கட்டணம் கட்டாததால் ஒரு தாள் நிற்கும், அது அரியர் ஆகும், அரியர் நான்கானதும், "இனி எதற்குப் போவது?" என்ற எண்ணம் வரும்.

பணத்தோடு வேறு என்ன தேவை என்பதை அமெரிக்காவின் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் சோதித்துப் பார்த்தது. அதன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் ஏழை மாணவர் பலர் சேர்ந்தனர், முடித்தவரோ சிலரே. 2007இல் அங்கு 'ஏசாப்' என்ற திட்டம் தொடங்கியது. கட்டணத்தில் குறைவதை ஈடு செய்தனர். பாடப்புத்தகமும், பேருந்திலும் சுரங்க ரயிலிலும் செல்லும் பயணச் சீட்டும் இலவசமாகத் தந்தனர். மாணவர் முழுநேரமும் பயில வேண்டும்; கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியோர் அவற்றை முதலிலேயே முடித்துவிட வேண்டும். எல்லாவற்றிலும் எங்களைக் கவர்ந்தது, ஆலோசகர் முறைதான். வழக்கமாக ஓர் ஆலோசகருக்கு 600 மாணவருக்கும் மேல் இருக்க, இத்திட்டத்தில் 60 முதல் 80 பேர் மட்டுமே. மாணவர் அவரை அடிக்கடி சந்தித்தே தீர வேண்டும். ஆதலால் ஒருவர் வராவிட்டால் அதைக் கவனிக்க ஓர் ஆள் இருந்தார்.

ஏறக்குறைய 900 மாணவரைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். மூன்றாண்டு முடிவில் இத்திட்டத்தில் இருந்தோரில் நூற்றுக்கு 40 பேர் பட்டம் பெற்றனர். மற்றப் பிரிவில் 22 பேர். ஒஹையோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகள் இதனைப் பின்பற்றியபோது 35க்கு 19 என்று வந்தது. ஒரு மாணவருக்கு ஆகும் செலவு கூடினாலும், நியூயார்க்கில் ஒரு பட்டதாரியை உருவாக்க ஆன செலவு குறைந்ததாம்! கணக்குப் பாடத்தில் ஆர்வமுள்ள தோழியர் இதனை யோசித்துப் பார்க்கவும். பாதியில் நின்றவருக்காகச் செலவிட்ட பணமும் கணக்கில் சேருமல்லவா?

நம் கல்லூரிகளில் வகுப்பு ஆசிரியை ஒருவர் உண்டு. அறுபது, எழுபது பேரையும் கவனித்துப் பாடமும் நடத்தும் அவர்களைக் குறை கூற மனம் வரவில்லை. தமிழ் வழியில் படித்து முதலிடம் பெற்ற பெண், முதல் வாரத்தில் ஆங்கிலத்தில் வேதியியல் கேட்டுத் திகைத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறாள். சில கல்லூரிகள் தொடக்கத்தில் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்துகின்றன. சில நாட்களில் முடியாமல் முதல் செமஸ்டர் முழுதும் வாரம் ஒரு மணி நேரமாவது அது நீண்டால் நலம்.

மற்றொன்றும் உண்டு. எந்தப் பெண்ணின் தந்தை படுத்த படுக்கையாய் இருக்கிறார், எவள் மாலையில் பூக்கட்டிவிட்டுப் படிக்கிறாள் என்பதெல்லாம் நம் சிஸ்டர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் தெரியும். கல்லூரிக்கு மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் போகின்றன. இந்தச் செய்தி போவதில்லை. மாணவியும் பெற்றோரும் சம்மதித்தால், பள்ளியிலிருந்து ஒரு கடிதம் அந்தக் கல்லூரியின் பொறுப்பாசிரியைக்குச் செல்லலாமே! இதனைத் தலைமை ஆசிரியை அவர்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்ள எண்ணியுள்ளோம்.

கோடை விடுமுறைக்கு முன், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் நம் பள்ளி அக்காமார்களை ஒரு சனிக்கிழமை அழைக்க அனுமதி கேட்கவிருக்கிறோம். விடுதி, சீருடை, கலைவிழா பற்றிக் கேட்கப் பலர் காத்திருக்கிறார்கள். நாங்கள் முதலாவதாகக் குறித்து வைத்திருக்கும் கேள்வி இது: "பாடம் புரியாத நாளில் யாரிடம் போனீர்கள், அக்கா?"